எழுதியது ஒரு வரிசை, தெரிவது வேறொரு வரிசை

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பல கோர்கள் (தனித்தனியே கட்டளைகளை நிறைவேற்றும் பகுதிகள்) கொண்ட ப்ராசஸர்களைப் பற்றி எழுதியபோது, ஒரு கோர் எழுதுவதை மற்றொரு கோர் அதே வரிசையில் காண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்திருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு மட்டும் விடை எழுதுகிறேன். 'செயலி' என்ற நல்ல சொல்லைக் கைபேசி ஆப்புகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகவே இங்கே ப்ராசஸர் என்றே இருக்கட்டும். மெமரி பேரியரையும் 'தடுப்பு' என்று மாற்றவில்லை. தடுப்பு என்றதும் அண்ணா சாலையில் போலீஸார் நிறுத்தும் இரும்புச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே பேசப்படுவது முன்பின் பற்றிய ஒரு கட்டளை: நிரலில் இதற்கு முன்னால் உள்ளது முன்னும், பின்னால் உள்ளது பின்னுமாகவே நடக்க வேண்டும் என்று ப்ராசஸருக்குச் சொல்வது.

கேள்வி: எங்கள் நிரலில் ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் ஓட்டம்) அளவீட்டுத் தரவைப் பொது இடத்தில் எழுதிவிட்டு, பிறகு 'தயார்' என்ற கொடியை 1 ஆக்கும். இன்னொரு த்ரெட், கொடி 1 ஆகும் வரை லூப்பில் சுற்றிக்கொண்டிருந்து, ஆனதும் தரவைப் படிக்கும். இன்டெல் சர்வரில் மூன்று ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. செலவைக் குறைக்க ஆர்ம் சர்வருக்கு மாறிய பிறகு, நாளுக்கு ஓரிரு முறை கொடி 1 ஆகியும் தரவு பழையதாகவே வருகிறது. கோளாறு ப்ராசஸரிலா, எங்கள் நிரலிலா? (பெருங்குடி வாசகர்)

பதில்: நிரலில்தான். ஆர்ம் ப்ராசஸர் தனக்கு விதித்த விதிகளின்படியே நடக்கிறது. அந்த விதிகளில் இல்லாத ஒன்றை உங்கள் நிரல் எதிர்பார்க்கிறது.

எழுதும் பக்கத்தை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு கோரும் தான் தொடும் மெமரியின் நகலைக் கேஷ் என்ற சிறிய, வேகமான இடத்தில், லைன் எனப்படும் துண்டுகளாக வைத்துக்கொள்ளும். தரவும் கொடியும் பெரும்பாலும் வெவ்வேறு கேஷ் லைன்களில் இருக்கும். இன்றைய சர்வர்களில் ஒரு லைன் பொதுவாக 64 பைட். தரவு இருக்கும் லைன் அந்த நேரத்தில் வேறொரு கோரின் கேஷில் இருந்தால், அதை வரவழைத்து, எழுதும் உரிமையைப் பெற்ற பிறகுதான் அதில் எழுத முடியும். கொடி இருக்கும் லைனோ ஏற்கெனவே கைவசம் இருக்கலாம். தரவு தன் லைனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போதே கொடியின் புதிய மதிப்பு கேஷுக்குள் போய்விடுவதை ஆர்ம் விதிகள் அனுமதிக்கின்றன. இரண்டும் வெவ்வேறு முகவரிகள் என்பதால், எழுதிய கோருக்குத் தன் கணக்கில் எந்த வேறுபாடும் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கும் கோருக்குத்தான் கொடி முன்னும் தரவு பின்னுமாகத் தெரியும்.

படிக்கும் பக்கத்தில் நடப்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். கொடி 1 ஆனால்தானே தரவைப் படிக்கும் வரிக்கே நிரல் வருகிறது, பிறகு எப்படி வரிசை மாறும் என்று கேட்பார்கள். ப்ராசஸர் அவ்வளவு பொறுமையானது அல்ல. கொடியின் மதிப்பு வந்து சேரும் முன்பே, லூப் இந்தச் சுற்றோடு முடிந்துவிடும் என்று ஊகித்து, தரவை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும். பிறகு கொடி 1 என்று வந்துவிட்டால் ஊகம் பலித்ததாகிவிடும். முன்பே படித்துவைத்த பழைய தரவும் அப்படியே செல்லுபடியாகிவிடும். ஆக, எழுதுகிறவர் ஒழுங்காக எழுதியிருந்தால்கூட, படிக்கிறவர் தரப்பிலேயே வரிசை கெட இடமிருக்கிறது.

உங்கள் பழைய இன்டெல் சர்வரில் இருப்பது போன்ற எக்ஸ்86 வகை ப்ராசஸர்கள் இந்த இரண்டையும் வெளியே தெரியவிடுவதில்லை. ஒரு கோர் எழுதியவை எழுதிய வரிசையிலேயே மற்றக் கோர்களுக்குத் தெரியும் என்பது அங்கே விதி. உள்ளுக்குள் அவையும் முன்கூட்டிப் படிக்கத்தான் செய்கின்றன. ஆனால் படித்து வைத்த லைன் இடையில் மாறிவிட்டது தெரிந்தால், படித்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி படிக்கும். உங்கள் நிரல் மூன்று ஆண்டுகள் ஓடியது இந்தக் கறார்த்தனத்தின் தயவில். வேறுபாடு எவ்வளவு உண்மையானது என்பதற்கு ஒரு சான்று: ஆப்பிள் நிறுவனம் 2020-இல் எம்1 சிப்பைக் கொண்டுவந்தபோது, இன்டெல்லுக்காக எழுதப்பட்ட பழைய நிரல்களை ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாக ஓட்டுவதற்கென்றே, அந்த ஆர்ம் சிப்பில் எக்ஸ்86-இன் வரிசை முறையை இயக்கிக்கொள்ளும் வசதியையும் சேர்த்தது. மொழிபெயர்த்த ஒவ்வொரு கட்டளைக்கும் பேரியர் சேர்த்தால் வேகம் படுத்துவிடும் என்பதே காரணம்.

இன்டெல்லிலும் நீங்கள் முழுப் பாதுகாப்பில் இருக்கவில்லை. கொடி சாதாரண மாறியாக இருந்தால், அதை லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றும்படி நிரலை மாற்றிவிடக் கம்பைலருக்கு (நிரலை ப்ராசஸரின் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்கு) உரிமை உண்டு.

தீர்வு சிறியது. கொடியை அட்டாமிக் மாறியாக (த்ரெட்கள் பகிர்வதற்கென்றே மொழி தரும் வகையாக) அறிவியுங்கள். எழுதும் பக்கத்தில் கொடியை ரிலீஸ் முறையில் எழுதுங்கள்: இதற்கு முன் நான் எழுதியவை, படித்தவை எல்லாம் இதற்குப் பின்னால் தள்ளிப்போகக் கூடாது என்பது அதன் பொருள். படிக்கும் பக்கத்தில் அக்வயர் முறையில் படியுங்கள்: இதற்குப் பின் வருபவை எதுவும் இதற்கு முன்னால் நகரக் கூடாது என்று பொருள். சி, சி பிளஸ் பிளஸ் இரண்டிலும் 2011 தரநிலையிலிருந்து இவை மொழியிலேயே இருக்கின்றன. 64 பிட் ஆர்மில் இவற்றுக்கென்றே எஸ்டிஎல்ஆர், எல்டிஏஆர் என்ற கட்டளைகள் உண்டு. எக்ஸ்86-இலோ இரண்டும் வெறும் மூவ் கட்டளையாகவே முடியும், கூடுதல் செலவு கிடையாது.

இரண்டு பக்கத்திலும் செய்ய வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனெனில் ஒரு பக்கத்தில் மட்டும் செய்து நான் பட்டிருக்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில், நெட்வொர்க் கருவி ஒன்றுக்காக ஒரு கோர் பாக்கெட்டுகளை வளைய வரிசையில் வைப்பதும் இன்னொரு கோர் எடுப்பதுமான நிரலை எழுதிக்கொண்டிருந்தோம். மணிக்கொரு முறை ஒரு பாக்கெட்டின் நீளம் பூஜ்யம் என்று வரும். என்ன நடக்கிறது என்று பார்க்க எடுக்கும் பக்கத்தில் மதிப்பை அச்சிட்டுக் காட்டும் ஒரு பிரிண்ட்எஃப் வைத்தால் கோளாறு மறைந்துவிடும். எடுத்துவிட்டால் திரும்ப வந்துவிடும். (பிரிண்ட்எஃப் தனக்குள் ஒரு லாக்கை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை, எடுத்துப் பின் விடுவிக்கிறது, அந்த லாக்கிலேயே பேரியர் இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.) எழுதும் பக்கத்தில் ஒரு பேரியர் சேர்த்தேன். மணிக்கொரு முறை வந்தது வாரத்துக்கு ஒரு முறை என்றானது. தீர்ந்துவிட்டது என்று அறிவித்து, மேலாளர் கையால் காபியும் வாங்கிக் குடித்தோம். அடுத்த திங்கட்கிழமை வாடிக்கையாளர் இடத்தில் அதே பூஜ்யம். எடுக்கும் கோர், எந்த இடம் வரை பாக்கெட் வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் வரிசையின் எண்ணைப் படிக்கும் முன்பே பாக்கெட்டின் நீளத்தைப் படித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பேரியர் போட்ட பிறகுதான் அது ஓய்ந்தது. ஒரு கையால் ஓசை எழுப்பப் பார்த்தேன் என்பதைத் தவிர வேறு சொல்ல எதுவுமில்லை.

உங்கள் குழுவுக்கு ஒரு பரிந்துரை: த்ரெட் சானிடைசர் என்ற கருவியைச் சேர்த்து நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். தவறான மதிப்பு வரும்வரை அது காத்திருப்பதில்லை. ஒரே இடத்தை இரு த்ரெட்கள், அவற்றில் ஒன்றாவது எழுதும்படியாக, தமக்குள் முன்பின் உறவு ஏதுமில்லாமல் தொடுகின்றனவா என்பதைத்தான் பார்க்கிறது. ஆகவே இந்தத் தவறை அது இன்டெல் மெஷினிலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

கேள்வி: இரு த்ரெட்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடுவதற்காகப் பாடநூலில் உள்ள பீட்டர்சன் முறையை அப்படியே சி மொழியில் எழுதி, இரண்டு த்ரெட்களும் ஒரே எண்ணியைத் தலா 10 லட்சம் முறை கூட்டும்படி செய்தேன். 20 லட்சம் வர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் சில எண்கள் குறைகின்றன. என் மடிக்கணினி இன்டெல். எக்ஸ்86 வரிசையை மாற்றாது என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். நிரூபணத்தில் பிழையா? (கிண்டியில் பொறியியல் படிக்கும் மாணவி)

பதில்: நிரூபணம் சரி. அது நிற்கும் தரை உங்கள் மடிக்கணினியில் இல்லை.

1981-இல் வெளிவந்த பீட்டர்சன் முறையும், அதற்கு முன் 1960-களிலேயே கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எழுதி அறியச் செய்த டெக்கர் முறையும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: உள்ளே போக விரும்புகிறவர் முதலில் தன் விருப்பத்தை எழுதிவைக்க வேண்டும், பிறகு மற்றவர் எழுதியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இருவரும் எழுதிவிட்டுப் பார்ப்பதால், ஒருவராவது மற்றவரைப் பார்த்தே தீருவார் என்பது நிரூபணத்தின் உயிர்நாடி. இந்த வாதம் செல்லுபடியாக வேண்டுமானால், எல்லாக் கோர்களின் செயல்களையும் ஏதோ ஒரு தனி வரிசையில் அடுக்கிக் காட்ட முடிய வேண்டும். அந்த வரிசையில் ஒவ்வொரு கோரின் செயல்களும் அதன் நிரல் சொன்ன முன்பின் மாறாமல் நிற்க வேண்டும். கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1979-இல் சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி என்று பெயரிட்டு வரையறுத்தது இதைத்தான். பாடநூல்கள் இதைச் சொல்லாமலே வைத்துக்கொள்கின்றன. இன்று கடையில் கிடைக்கும் பொதுப் பயன்பாட்டு ப்ராசஸர்கள் எதுவும், கேட்காமல் இதைத் தருவதில்லை.

எக்ஸ்86 ஏறத்தாழ எல்லா வரிசையையும் காக்கிறது என்று உங்கள் ஆசிரியர் சொன்னது உண்மைக்கு வெகு அருகில் வருகிறது. அது விட்டுக்கொடுப்பது ஒன்றே ஒன்றை: ஓர் இடத்தில் எழுதிவிட்டு வேறோர் இடத்தைப் படிக்கும்போது, எழுதியது வெளியே தெரியும் முன்பே படிப்பது முடிந்துவிடலாம். பீட்டர்சன் முறையின் உயிர் இருப்பது சரியாக அந்த இடத்தில்.

காரணம் ஸ்டோர் பஃபர். மெயின் மெமரிக்குப் போய்வர ஏறக்குறைய 100 நானோ வினாடி என்றால், 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அது 300 சைக்கிள். எழுதும்போதெல்லாம் அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்பதால், எழுத வேண்டியதை ஒரு சிறு பட்டியலில் குறித்துக்கொண்டு கோர் மேலே போய்விடுகிறது.

தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவில் ஒரு கடை, உஸ்மான் சாலையில் ஒரு கடை என்று வைத்திருக்கும் அண்ணன் தம்பியை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு கோடவுன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் சரக்கு எடுக்கலாம். 'கோடவுனுக்குப் போகிறேன்' என்று பொதுப் பேரேட்டில் எழுதிவிட்டு, மற்றவர் எழுதியிருக்கிறாரா என்று பேரேட்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு வரியையும் உடனே பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தால் வியாபாரம் ஓடாது. ஆகவே இருவரும் தத்தம் சிட்டையில் குறித்துக்கொள்கிறார்கள்; பையன் பிறகு அதைப் பேரேட்டில் ஏற்றுவான். அண்ணன் தன் சிட்டையில் எழுதிவிட்டுப் பேரேட்டைப் பார்க்கிறார்: தம்பி பெயர் இல்லை. அதே நேரத்தில் தம்பியும் தன் சிட்டையில் எழுதிவிட்டுப் பேரேட்டைப் பார்க்கிறார்: அண்ணன் பெயர் இல்லை. இருவரும் கோடவுனுக்குப் போய்விடுகிறார்கள். இதில் ஒரு நுட்பமும் உண்டு. அண்ணன் தன் பெயரை எழுதினோமா என்று சரிபார்க்க நினைத்தால் தன் சிட்டையைத்தான் முதலில் புரட்டுவார், அங்கே அது இருக்கும். கோரும் தான் எழுதியதைத் தன் ஸ்டோர் பஃபரிலிருந்தே எடுத்துப் படித்துக்கொள்ளும். அதனால் அவரவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாமே முறைப்படி நடந்ததாகவே தோன்றும்.

பேரியர் செய்வது இதைத்தான்: சிட்டையில் இருப்பதையெல்லாம் பேரேட்டில் ஏற்றி முடித்த பிறகே பேரேட்டைப் பார்க்க வேண்டும் என்ற கட்டளை. உங்கள் நிரலில் கொடியையும் 'இப்போது யார் முறை' என்ற மாறியையும் எழுதிய வரிக்கும், மற்றவர் கொடியைப் படிக்கும் வரிக்கும் நடுவில் அது வர வேண்டும். எக்ஸ்86-இல் அதற்கு எம்ஃபென்ஸ் கட்டளை இருக்கிறது. லாக் முன்னொட்டு கொண்ட எந்தக் கட்டளையும், எக்ஸ்சேஞ்ச் கட்டளையும் அதே வேலையைச் செய்யும். முந்தைய பதிலில் சொன்ன ரிலீஸ்–அக்வயர் ஜோடி இங்கே உதவாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் எழுதியதையும் பின்னால் படிப்பதையும் கட்டிப்போட அவற்றால் முடியாது. சி மொழியில் எழுதுவதானால் மாறிகளை அட்டாமிக்காக்கி, எந்த வரிசை முறையும் குறிப்பிடாமல் விட்டுவிடுங்கள்; அப்போது லாம்போர்ட்டின் ஒற்றை வரிசையே உங்களுக்குக் கிடைக்கும். எண்ணி 20,00,000 என்று நிற்கும்.

கேள்வி: மெமரி பேரியர் என்பது கேஷில் இருப்பதை மெயின் மெமரியில் எழுதிவிடும் கட்டளை என்று ஒரு நேர்காணலில் சொன்னேன். தவறு என்றார்கள். சரியான விடை என்ன? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: அவர்கள் சொன்னதுதான் சரி. கோர்களின் கேஷ்கள் தமக்குள் எம்இஎஸ்ஐ போன்ற நெறிகளால் எப்போதும் ஒத்துப்போய்க்கொண்டே இருக்கின்றன. ஓர் இடத்துக்குப் புதிய மதிப்பு ஒரு கோரின் கேஷில் ஏறிவிட்டால், மற்றக் கோர் அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும், மெயின் மெமரிக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. கேஷைக் காலி செய்வதற்கு சிஎல்ஃப்ளஷ் போன்ற வேறு கட்டளைகள் இருக்கின்றன. பேரியர் ஒரு கோரின் இரு செயல்களுக்கு இடையே முன்பின் விதிக்கிறது, அவ்வளவுதான். அதைப் போட்டால் எழுதியது மற்றவருக்குச் சீக்கிரம் தெரியும் என்ற நம்பிக்கையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதையும் அடுத்த நேர்காணலுக்கு முன் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இரு த்ரெட்கள் பகிரும் மாறியை வாலடைல் என்று அறிவித்தால் போதும் என்று ஜாவா எழுதும் நண்பர் சொல்கிறார், சி எழுதும் மேலாளர் அது தவறு என்று திருப்பி அனுப்புகிறார். யார் சொல்வது சரி? (அம்பத்தூர் வாசகி)

பதில்: இருவருமே சரி, அவரவர் மொழியில். 'கடை' என்றால் அங்காடியும் ஆகும், இறுதியும் ஆகும். அதுபோல ஒரே சொல் இரு மொழிகளில் இரு வேலை செய்கிறது.

சி மொழியில் வாலடைல் முதன்மையாகச் சாதனங்களின் ரெஜிஸ்டர்களை (அவற்றை இயக்கப் படித்து எழுதும் இடங்களை) தொடுவதற்காக இருப்பது. இந்த மாறியைத் தொடும் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே தொடு, நீயாக ஒன்றை விட்டுவிடாதே என்று கம்பைலரிடம் சொல்வது அது. சுற்றியுள்ள சாதாரண மாறிகளைக் கம்பைலர் அதைத் தாண்டி நகர்த்தலாம்; ப்ராசஸருக்கு அதிலிருந்து எந்தக் கட்டளையும் போவதில்லை. ஆகவே கொடியை மட்டும் வாலடைலாக்குவது பெருங்குடி வாசகரின் சிக்கலைத் தீர்க்காது.

ஜாவாவிலோ 2004-இல் வந்த ஜாவா 5-உடன், ஜேஎஸ்ஆர் 133 என்ற திருத்தத்தின் வழியாக, வாலடைல் உண்மையான வரிசை உத்தரவாதமாக மாற்றப்பட்டது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. ஒரு பொருளை முதல் தேவையின்போது மட்டும் உருவாக்க, லாக் எடுக்காமல் ஒரு முறையும் எடுத்த பின் ஒரு முறையும் சரிபார்க்கும் ஓர் உத்தி அக்காலத்தில் பரவலாக இருந்தது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பொருளின் முகவரி வெளியே தெரிந்த நேரத்தில், அதன் உள்ளே நிரப்பிய மதிப்புகள் மற்றக் கோருக்குத் தெரிந்திருக்கும் என்ற உறுதி இல்லை. பாதி கட்டிய வீட்டுக்குச் சாவி கொடுத்தது போல. ஜாவா 5-க்குப் பின் அந்த முகவரி மாறியை வாலடைலாக அறிவித்தால் உத்தி சரியாக நடக்கும். அறிவிக்காவிட்டால் இன்றும் பிழைதான்.

கேள்வி: ஒரே ஒரு கோர் கொண்ட மைக்ரோகன்ட்ரோலரில் பேரியர் தேவையா? (ஆவடி வாசகர்)

பதில்: த்ரெட்களுக்கிடையே ப்ராசஸர் பேரியர் தேவையில்லை, கம்பைலரைக் கட்டுப்படுத்தினால் போதும், ஏனெனில் ஒரு கோர் தன் நிரலைத் தானே எப்போதும் எழுதிய வரிசையிலேயே காண்கிறது. டிஎம்ஏ செய்யும், அதாவது மெமரியைத் தானே நேராகப் படித்து எழுதும் சாதனம் இருந்தால் கதை வேறு. மெமரியில் விவரக் குறிப்பை நிரப்பிவிட்டு, சாதனத்தின் ரெஜிஸ்டரில் எழுதி 'மணி அடிக்கும்' போது, மணி முந்திக்கொண்டால் சாதனம் பழைய குறிப்பைப் படித்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோரிலும் பேரியர் வேண்டும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன், பழைய யூனிக்ஸ் மெஷின்களில் வேலை பார்த்தவன். ஆல்ஃபா ப்ராசஸரில், ஒரு முகவரியைப் படித்து அந்த முகவரியில் இருப்பதைப் படித்தால்கூட வரிசை மாறும் என்று அப்போது சொல்வார்கள். முகவரி தெரியாமல் உள்ளே இருப்பதை எப்படி முன்னால் படிக்க முடியும்? இது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. (மேற்கு மாம்பலம் வாசகர்)

பதில்: ஐயா, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். முன்னால் படிக்கவில்லை; பழையது என்ற செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

டிஇசி நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ஆல்ஃபா, வேகத்துக்காக வரிசை உறுதிகளை இயன்றவரை குறைத்துக்கொண்ட வடிவமைப்பு. ஒரு கோர் புதிய ஆவணத்தை நிரப்பி, எழுதும் பேரியர் போட்டு, அதன் முகவரியைப் பொது மாறியில் எழுதுகிறது என்று கொள்வோம். மற்றக் கோரின் கேஷில் அந்த ஆவணத்தின் இடத்துக்கான பழைய நகல் ஏற்கெனவே இருக்கிறது. இரு லைன்களும் மாறிவிட்டன, உங்கள் நகல்கள் செல்லாது என்ற அறிவிப்புகள் அந்தக் கோருக்குச் சரியான வரிசையிலேயே போய்ச் சேருகின்றன. கேஷ் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே அறிவிப்புகளைக் கவனிக்கும் மெஷினில், முகவரி இருக்கும் பகுதி ஓய்வாக இருந்து உடனே செயல்பட, ஆவணம் இருக்கும் பகுதி வேலை மிகுதியில் அறிவிப்பைப் பிரிக்காமல் வைத்திருந்தால், கோர் புதிய முகவரியைப் படித்து, அந்த முகவரிக்கான பழைய நகலைத் தன் கேஷிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காரணம் முன், காரியம் பின் என்ற வரிசை கெடவேயில்லை. காரியம் நடந்த இடத்துக்கு ஊர்ச் செய்தி எட்டவில்லை. வீடு மாறியவரின் புது விலாசத்துக்குக் கடிதம் சரியாகப் போய்ச் சேர, அந்த வீட்டுக் கதவில் இன்னும் பழைய குடித்தனக்காரர் பெயர்ப் பலகை தொங்குவது போல என்று சொல்லலாம்.

ஆர்ம், பவர் ஆகிய ப்ராசஸர் வகைகள் மற்றவற்றில் தளர்வாக இருந்தாலும் இந்த முகவரிச் சார்பை மதிக்கின்றன. ஆல்ஃபாவுக்காகவே லினக்ஸ் கெர்னல் நெடுங்காலம் தனியே ஒரு பேரியரைச் சுமந்து வந்தது, 4.15 பதிப்பில் அந்தப் பொறுப்பு, பகிரும் மாறியைப் படிக்கக் கெர்னலில் பயன்படும் ரீட்ஒன்ஸ் மேக்ரோவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டு, சாதனங்களுக்கான ஓட்டுநர் நிரல் எழுதுகிறவர்கள் அதை எண்ணிக் கவலைப்படும் தேவை போயிற்று. ஆல்ஃபா விற்பனையிலிருந்து மறைந்த பிறகும் அதன் நிழல் அத்தனை ஆண்டு நீண்டது. சார்பு வரிசையை மொழியிலேயே தர முயன்ற சி பிளஸ் பிளஸ் 11-இன் கன்ஸ்யூம் முறை இன்னும் பரிதாபம்: கம்பைலர்கள் அதை நுணுக்கமாகச் செயல்படுத்த வழி தெரியாமல் அக்வயராகவே எடுத்துக்கொள்கின்றன.

கேள்வி: ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசஸரில் நிரல் எழுதிப் பழக விரும்புகிறேன். அதன் வரிசை விதிகள் ஆர்ம் போன்றவையா, இன்டெல் போன்றவையா? (அடையாறு வாசகி)

பதில்: சக்தி, ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது, ரிஸ்க்-ஃபைவின் அடிப்படை விதி தளர்வானது, ஆர்முக்கு நெருக்கமானது. எக்ஸ்86 போன்ற கறாரான வரிசை வேண்டுவோருக்கு அதில் தனி விரிவாக்கம் ஒன்றும் வகுக்கப்பட்டுள்ளது. அதன் ஃபென்ஸ் கட்டளை எனக்குப் பிடித்தமானது: எதற்கு முன், எதற்குப் பின் என்று இரண்டு தொகுப்புகளைக் கட்டளையிலேயே குறிப்பிடலாம், மெமரியைப் படித்தல், மெமரியில் எழுதுதல், சாதனத்திலிருந்து உள்ளீடு, சாதனத்துக்கு வெளியீடு என்ற நான்கிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என்ன வரிசை வேண்டும் என்று அது யோசிக்க வைக்கும்.

ஓர் எச்சரிக்கை. சக்தியின் சி-கிளாஸ் போன்ற கோர், கட்டளைகளை வந்த வரிசையிலேயே ஐந்து கட்டங்களில் நகர்த்தும் எளிய அமைப்பு. தளர்ந்த விதி அனுமதிக்கும் வேடிக்கைகள் பலவற்றை அதில் நீங்கள் காணாமலே போகலாம். அதை வைத்து ஃபென்ஸ் தேவையில்லை என்று முடிவுகட்டாதீர்கள். கையில் இருக்கும் சிப்புக்கு எழுதினால், அடுத்த சிப் வரும் நாளில் பெருங்குடி வாசகரின் கடிதத்தை நீங்கள் எழுதுவீர்கள்.

கேள்வி: இவ்வளவு குழப்பம் எதற்கு? சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் முழு பேரியர் ஒன்றைப் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே? (தாம்பரம் வாசகர்)

பதில்: நிம்மதிக்குத்தான் வழி தேடுகிறீர்கள் என்றால் லாக் எடுங்கள். மியூட்டெக்ஸ் என்ற வகை லாக்கை எடுப்பதில் அக்வயரும் விடுவதில் ரிலீஸும் உள்ளேயே இருக்கின்றன. பத்தில் ஒன்பது நிரல்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். லாக் இல்லாமல் எழுதியே தீர வேண்டிய இடத்தில் இறங்கியவர், எந்த இரண்டு செயல்களுக்கு நடுவே வரிசை தேவை என்று தெரிந்துகொள்ளாமல் பேரியரைத் தூவினால், தவறான இடத்தில் விழுந்த பேரியர் கோளாறை அரிதாக்கிவிடும். அரிதான கோளாறு அடிக்கடி வரும் கோளாறைவிடக் கொடியது.

செலவும் இருக்கிறது. முழு பேரியர், ஸ்டோர் பஃபர் காலியாகும் வரை பின்வரும் படிப்புகளை நிறுத்திவைக்கும். எக்ஸ்86-இல் எம்ஃபென்ஸ் மெதுவாக இருப்பதால், லினக்ஸ் கெர்னலே அதற்குப் பதிலாக, ஸ்டாக்கில் ஓர் இடத்தோடு பூஜ்யத்தைக் கூட்டும் லாக் முன்னொட்டு கொண்ட ஒரு கட்டளையைத்தான் கோர்களுக்கிடையிலான முழு பேரியராக வைத்திருக்கிறது. கூட்டுவது பூஜ்யம், வேண்டியது அந்த லாக்கின் பக்கவிளைவு.

அதே கெர்னலுக்கு நீங்கள் ஒரு திருத்தம் அனுப்பும் முன் ஓட்டும் செக்பேட்ச் நிரல், குறிப்பு எழுதாமல் விட்ட பேரியரைக் கண்டால் எச்சரிக்கும். அந்தக் குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்று புதியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 'வரிசைக்காக' என்று எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். 'தரவை நிரப்பிய பிறகே எண் தெரிய வேண்டும். இதன் ஜோடி, எடுக்கும் ஃபங்ஷனில் எண்ணைப் படித்த வரிக்குக் கீழே இருக்கிறது' என்று எழுதினால் சேர்த்துக்கொள்வேன்.